தொட்டுப் பார்க்காத வெள்ளை

போன மாதம் எங்கள் இலாகாவில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்கள் கொட்டாரம் ஊருக்கு என் வீடு தேடி வந்தார்கள். ஆனைப்புல்மேட்டு வானிலை நிலையத்தில் தானே எழுதிக்கொள்ளும் கருவி வைக்கப்போகிறார்களாம். உருளையில் காகிதம் சுற்றி விட்டால் பேனா தானாகவே கோடு இழுத்துக்கொண்டு போகுமாம். அதற்காகப் பழைய பதிவுப் புத்தகங்களை மூட்டை கட்டியபோது ஒரு வரி கண்ணில் பட்டிருக்கிறது. குறுக்கே ஒற்றைக் கோடு போட்டு வெட்டிய வரி. பக்கத்தில் இரண்டு கையெழுத்துகள், அதில் ஒன்று என்னுடையது. அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை குளிர் மாதங்களில் ஒரு நாள் விடாமல் குறிப்புப் பத்தியில் "தொட்டேன், ஈரம்" என்று எழுதியிருக்கிறேன். இது எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டார்கள். எந்த விதியிலும் இல்லை. வாயால் சொன்னால் எனக்குச் சாதகமாகச் சொல்லிவிடுவேன், எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

நான் வேலைக்குச் சேர்ந்தது இருபதுகளின் பிற்பாதியில், மகாராஜா காலம். பள்ளி இறுதி வகுப்பு தேறியிருந்தேன், கையெழுத்து நன்றாக இருந்தது, மலைக்குப் போகச் சம்மதமா என்று கேட்டபோது யோசிக்காமல் தலையாட்டினேன். தலைநகரில் இரண்டு மாதம் பயிற்சி. அங்கே என்ன கற்றேன் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் நினைவில்லை. நல்ல வெயிலில் மாடியில் நின்று, எல்லோரும் சேர்ந்து ஒரே வெப்பமானியைப் படித்தோம். மிச்சம் எல்லாம் ஆனைப்புல்மேட்டில்தான்.

தடிக்காரன்கோணம் வரை மாட்டு வண்டி. அதற்கு மேல் கீரிப்பாறை வழியாக நடை. பாலமோர் தோட்டங்களையும் தாண்டி ஏறினால் காடு முடிந்து திடீரென்று புல்வெளி வரும். நாலாயிரம் அடிக்கு மேல் உயரம். தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு, மழைமானி, நான்கு கால்களில் நிற்கும் வெள்ளை மரக்கூண்டு, அதற்குள் வெப்பமானிகள், சுற்றிலும் வேலி. அந்தக் கூண்டின் மேல் யானைகளுக்கு என்ன கோபமோ, என் காலத்திலேயே இரண்டு தடவை பிடுங்கிப் போட்டன. கீழே அணைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று தெரிந்துகொள்ளத்தான் எங்களை அங்கே வைத்திருந்தார்கள். மழைக்கணக்கைத் தவிர வேறு எதையும் தலைநகரில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

நிலையப் பொறுப்பாளர் ஞானாபரணம் சார். இரணியல்காரர். மெலிந்த உடம்பு, வெள்ளைக் கோட்டு, காதைச் சுற்றிக் கட்டிய கம்பளித் துணி, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. பேச்சு குறைவு. ஆனால் தப்புக் கண்டுபிடிப்பதில் மட்டும் தாராளமானவர்.

காலை எட்டு மணிக்கு அளவெடுக்க வேண்டும். கூண்டுக்குக் காற்று வீசும் பக்கமாக நின்றுவிடாமல் எதிர்ப்பக்கமாக வரவேண்டும். கதவைத் திறக்குமுன் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்ணும் திரவத்தின் நுனியும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். முதலில் தசமம், பிறகு முழு எண். ஏனென்றால் நின்று பார்ப்பவனின் உடற்சூட்டில் முதலில் மாறுவது தசமம்தான். இரண்டு தடவை படித்து, நின்ற இடத்திலேயே பென்சிலால் குறிக்க வேண்டும். அறைக்கு வந்து மையால் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். மையால் எழுதியதை அழிக்கவோ சுரண்டவோ கூடாது. தப்பென்றால் கீழே இருப்பது தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். முதல் வாரம் நான் மூச்சை விட்டுக்கொண்டே படித்தபோது பின்னாலிருந்து சொன்னார்:

"ஏலே சுயம்பு, ஒனக்க மூச்சை நான் புஸ்தகத்தில எழுத முடியாது கேட்டியா."

முதல் வருஷக் கோடையில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு காலையில் மழைமானியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் இருந்தது. அளவுக் குழாயில் ஊற்றினால் இருபத்துமூன்று சென்ட், அங்குலத்தை நூறாகப் பிரித்ததில் இருபத்துமூன்று பங்கு. முந்தின நாள் மழையே இல்லை, தரை காய்ந்து கிடந்தது. நான் அறிவாளித்தனமாக "மழை இல்லை" என்று எழுதிவிட்டேன். சார் புத்தகத்தைப் பார்த்தார்.

"புட்டியில வெள்ளம் இருந்துதா இல்லியா?"

"இருந்துது சார். ஆனா மழை பெய்யல்ல."

"அது ஒனக்கு எப்பிடித் தெரியும்? நீ உறங்கினே. நான்தான் வெள்ளத்தை ஊத்தினேன். இருவத்திமூணு சென்ட். அதை எழுதணும். தரை காஞ்சு கெடந்துதுன்னு குறிப்பில எழுதணும். ரெண்டையும் சேத்து யோசிக்க வேண்டியவன் நீயில்ல."

எனக்கு ஆத்திரமாக வந்தது. இருந்திருந்து ஒரு பெரிய மனுஷன், ஆள் அசந்த நேரத்தில் போய் மழைமானியில் தண்ணீர் ஊற்றி வைப்பானா? பிறகு யோசித்தபோது, என் கோபத்தில் பாதி அவர் சொன்னது சரி என்பதால் வந்தது என்று புரிந்தது.

இவ்வளவு கறாரான மனிதருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. அவருக்கு உறைபனி பார்க்கவேண்டும்.

நம் பக்கத்தில் பனி என்றால் ஈரம்தான். மார்கழியில் தலையில் துண்டு கட்டிக்கொள்கிறோமே, அந்தப் பனி. சார் கேட்டது அதையல்ல. புல்லின் மேல் வெள்ளையாக உறைந்து நிற்கும் பனி. சிறு வயதில் இரணியல் மிஷன் பள்ளியில் வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி தன் ஊரில் வானத்திலிருந்து வெள்ளை விழுவதைப் படத்தில் காட்டியிருக்கிறாள். கோயிலில் பிரசங்கத்தில் உறைந்த மழை என்ற வேதாகமச் சொல் வரும்போதெல்லாம் இவருக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வருமாம். கையில் பிடித்தால் எப்படி இருக்கும் என்று அம்மாளிடம் கேட்டதற்கு, தீயைப் போலச் சுடும் என்றாளாம். குளிர்ந்த ஒன்று எப்படிச் சுடும்? அன்றிலிருந்து அதைக் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும் என்பது அவருக்கு ஒரு ஆசை. வானத்திலிருந்து விழுவதற்கு இங்கே வழியில்லை என்று அவருக்கே தெரியும். ஆனால் முன்பனிக் காலத்தில், மேகமில்லாத வானம், அசையாத காற்று, புல்வெளியின் பள்ளம், இந்த மூன்றும் சேர்ந்தால் தரையில் ஒரு நாளாவது வெள்ளை பிடிக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். நான் வரும்போதே அவர் ஆறு மார்கழி காத்திருந்தாயிற்று.

இந்தப் பைத்தியத்தில் அவருக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் குளச்சல் கருவாட்டு வியாபாரி மீரான் பிள்ளை. கருவாடு காயவைப்பவருக்கு ஒரு கண் வானத்திலேயே இருக்கவேண்டும். அப்படித் தொடங்கியது முற்றிப்போய், கப்பல் கேப்டன் ஒருவரிடம் காற்றழுத்தமானி வாங்கி வீட்டு நடையில் மாட்டியிருந்தார். மற்றவர் சாரின் பள்ளித் தோழர், டிராயிங் மாஸ்டர் செல்லையா. மூன்று தினுசு வெள்ளைச் சாயம் கொண்டு வருவார், எந்த வெள்ளை பொருந்தும் என்று யாருக்கும் தெரியாதே. வடகிழக்கு மழை ஓய்ந்து வானம் வெளுத்ததும் இருவரும் மலையேறி வந்து பத்து நாள், பதினைந்து நாள் தங்குவார்கள்.

அவர்கள் காத்திருப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக வரும். பொழுது வெளுக்கத் தொடங்கியதும் மூன்று பேரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேலி ஓரமாக வரிசையாகப் போவார்கள். மீரான் பிள்ளை குனிந்து புல்லைத் தடவுவார்.

"ஈரமாக்கும் ஓய்."

"நாளைக்குப் பாப்பம்" என்பார் சார்.

"நாளைக்கும் ஈரமாத்தான் இருக்கும். இது என்ன சீமையா?" என்பார் மாஸ்டர். சொல்லிவிட்டு மறுநாள் அவர்தான் முதல் ஆளாக எழுந்து நிற்பார். தொலைந்த காசைத் தேடுகிறவர்கள் போல மூன்று பேரும் குனிந்தே நடப்பார்கள்.

சார் இதற்கென்று தனியாக ஒரு வெப்பமானி வைத்திருந்தார். கூண்டில் இருப்பது ஆள் நெஞ்சுயரத்துக் குளிரைச் சொல்லும். இதைப் புல் நுனி உயரத்தில், இரண்டு கவட்டைக் குச்சிகளின் மேல் படுக்க வைப்போம். உள்ளே சாராயம், அதற்குள் குண்டூசி அளவு கறுப்புக் குச்சி ஒன்று. குளிர் கூடக் கூடச் சாராயம் சுருங்கி அந்தக் குச்சியை இழுத்துக்கொண்டு போய், மிகக் குறைந்த அளவில் விட்டுவிடும். படித்த பிறகு குமிழை மேலே தூக்கிச் சாய்த்தால் குச்சி நழுவிப் பழைய இடத்துக்கு வந்துவிடும். படிக்குமுன் அதைத் தொடக்கூடாது. படுத்திருப்பதை நாமும் படுத்துத்தான் படிக்கவேண்டும். ஈரப் புல்லில் வயிறு பட விழுந்து படிப்பதற்கு எனக்கு எத்தனையோ நாள் அலுப்பாக இருந்திருக்கிறது.

சார் வருஷத்தில் நான்கு நாள்தான் மலையிறங்குவார், கிறிஸ்துமஸுக்கு. நான் சேர்ந்து மூன்றாவது வருஷம் அவர் அப்படி இறங்கியிருந்தார். நிலையத்துக் காவல்காரர் அரிசி வாங்கப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை கதவைத் திறந்தால், வேலிக்கு அப்பால் பள்ளத்தில் புல்லெல்லாம் வெள்ளை.

சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்ததுபோல, இரண்டு கையையும் விரித்த அகலத்துக்கு, பள்ளத்தின் வளைவோடு வெள்ளை. மலைக்கு மேல் வெயில் இன்னும் ஏறவில்லை. பார்க்க வேண்டியவர் இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்து, அளவு வேண்டும், அளவு இருந்தால்தான் சார் நம்புவார் என்று தோன்றியது. புல்வெளி வெப்பமானியிடம் ஓடினேன். விழுந்து படிக்க வேண்டியவன், கண்ணாடிமேல் ஈரம் படிந்து எண் தெரியாததால், துடைக்கலாம் என்று கையில் எடுத்துவிட்டேன். எடுத்தது குமிழ்ப் பக்கமாக. கறுப்புக் குச்சி என் கண்ணெதிரே வழுக்கிக்கொண்டு போயிற்று.

அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. நிமிர்ந்தபோது வெயில் பள்ளத்தில் இறங்கியிருந்தது. வெள்ளை இல்லை. புல் பளபளவென்று ஈரமாக நின்றது. கூண்டுக்குள் குறைந்த அளவு பாரன்ஹீட்டில் நாற்பத்தொன்று. உறைவதற்கு முப்பத்திரண்டு வேண்டும். தரையில் அதைவிடக் குறையும்தான், ஆனால் எவ்வளவு குறைந்தது என்று சொல்ல ஒரே சாட்சியை நான் கையில் எடுத்துக் கெடுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் சார் கூட்டாளிகள் இருவரோடும் ஏறி வந்தார். கையில் முந்திரிக்கொத்துப் பலகாரப் பொட்டலம். படியிலேயே நிறுத்திச் சொன்னேன். வெள்ளையைக் கண்டதையும் சொன்னேன், குச்சியைக் கெடுத்ததையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. பொட்டலத்தைக் கீழே வைக்கவும் இல்லை.

"தொட்டுப் பாத்தியா?"

தொடவில்லை. பள்ளத்துக்கு நான் போகவே இல்லை. ஆனால் ஒரு தப்பை அப்போதுதான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதே மூச்சில் இரண்டாவதையும் சொல்ல நாக்கு எழவில்லை.

"தொட்டேன் சார்."

"எப்பிடி இருந்துது?"

"சுட்டுது சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மீரான் பிள்ளை, "அல்லாவே, சுட்டுதாமே!" என்று என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏதோ தழும்பு இருக்கும் என்பதுபோல. மாஸ்டர் பையை அவிழ்த்துச் சாயக் குப்பிகளை எடுத்து வைத்தார். "எந்த வெள்ளைடே? இதா, இதா?" என்று கேட்டார். நான் ஒன்றைக் காட்டினேன்.

சார் குறிப்புப் பத்தியில் எழுதினார்: பள்ளத்தில் உறைபனி. உதவியாளர் கண்டு, கையால் தொட்டு உறுதி செய்தார். புல்வெளி வெப்பமானியின் அளவு உதவியாளரின் தவறால் கிடைக்கவில்லை.

மாஸ்டர் அந்த வாரம் முழுக்க என்னை உட்கார வைத்துப் படம் வரைந்தார். புல் நிமிர்ந்து நின்றதா சாய்ந்து நின்றதா, வெள்ளை நுனியிலா தண்டிலா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். மிதித்தால் அப்பளம்போல நொறுங்கியது என்றுகூடச் சொன்னேன். பொய் ஒரு தடவை நடக்கத் தொடங்கினால் நாம் பின்னால் ஓடவேண்டியதுதான். படம் நன்றாக வந்தது. சார் அதைச் சட்டம் போட்டுப் பதிவு மேசைக்கு மேலே மாட்டினார். தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் நான் எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்துத் தலைநகர் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. யாரும் படிப்பதில்லை என்று நினைத்த குறிப்புப் பத்தியை யாரோ படித்திருக்கிறார்கள். இந்த அட்சரேகையில், இந்த உயரத்தில், கூண்டில் நாற்பத்தொன்று இருக்கும்போது உறைபனி என்பது ஐயத்துக்கிடமானது. அந்த வரியை வெட்டிவிட்டுத் தெரிவிக்கவும், இல்லையெனில் நிலையப் பொறுப்பாளர் தன் பெயரில் பொறுப்பேற்று எழுதவும் என்று இருந்தது.

அந்த நாட்களில் சாருக்கு மேற்பார்வையாளர் பதவி வரும் என்று பேச்சு இருந்தது. தெற்கே உள்ள எல்லா மழை நிலையங்களும் அவர் கையில் வரும், மலையிறங்கி வீட்டோடு இருக்கலாம். மீரான் பிள்ளை அப்போது தங்கியிருந்தார். கடிதத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு வரிதானே ஓய், வெட்டிப்போட்டு பதவியை வாங்கும். வெள்ளை எங்கயும் போயிராது" என்றார்.

சார் என்னைப் பார்த்தார். "சுயம்பு, நீ தொட்டது சத்தியம்தானே?"

இப்போது சொல்லியிருக்கலாம். இன்று நினைத்தாலும் அந்த நிமிஷம் எனக்கு நன்றாகத் தெரிகிறது. மேசை, மைக்கூடு, படம், எல்லாம்.

"சத்தியம் சார்."

"அப்பம் எதுக்கு வெட்டணும்?" என்றார் மீரான் பிள்ளையிடம்.

பதிலை அவர் வரைவாக எழுதினார். அந்தப் பதிவுக்குத் தானே முழுப் பொறுப்பு, தன் உதவியாளர் கையால் தொட்டு அறிந்ததைத் தான் கண்டதாகவே கொள்வதாக எழுதியிருந்தார். நல்ல பிரதி எடுக்க என்னிடம் தந்தார், கையெழுத்து என்னுடையதுதானே நன்றாக இருக்கும். என் பொய்யை நானே, ஒரு பிசிறு இல்லாமல், அழகாக எழுதிக் கொடுத்தேன். அந்த வருஷம் மேற்பார்வையாளர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. காரணம் எதுவும் யாரும் எழுதவில்லை. சில சாயங்காலங்களில் மட்டும் சார், "சுட்டுதுன்னா, பட்ட ஒடனேயா, கொஞ்சம் கழிச்சா?" என்று கேட்பார். "ஒடனே சார்" என்பேன். கடவுளே.

இன்னும் மூன்று மார்கழி போயிற்று. வெள்ளை வரவில்லை. நான்காவது, சாருக்குக் கடைசி மார்கழி. பங்குனியோடு ஓய்வு. இந்தத் தடவை கிறிஸ்துமஸுக்குக்கூட இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கூட்டாளிகளும் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

ஒரு காலை நான் கதவைத் திறந்தேன். பள்ளத்தில் வெள்ளை.

அதே இடம், அதே அகலம், அதே வளைவு. "சார்!" என்று நான் போட்ட கூச்சலில் மூன்று பேரும் எழுந்து வந்தார்கள். சார் செருப்புப் போடவில்லை. வேலி தாண்டி அந்த வயதில் அவர் ஓடியதை நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பள்ளத்தின் விளிம்பில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். வலது கையை நீட்டினார். தொடுமுன் கொஞ்சம் தயங்கினார், சுடும் என்று நான்தான் சொல்லியிருந்தேனே. பிறகு வைத்தார்.

கையை எடுத்தபோது விரல்களிலிருந்து மெல்லிய நூல் நூலாகத் தொங்கியது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

மீரான் பிள்ளை பக்கத்தில் குனிந்து பார்த்தார். "எட்டுக்காலி வலையாக்கும்" என்றார் மெதுவாக.

ஆமாம். சிலந்திகள். ஆயிரக்கணக்கான சின்ன வலைகள், புல்லுக்குப் புல் கட்டி, ஒவ்வொன்றிலும் பொடிப்பொடியாகப் பனி நீர். தூரத்திலிருந்து பார்த்தால் முழு வெள்ளை. வெயில் வந்ததும் ஒன்றுமில்லை. சார் விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எழுந்துபோய் புல்வெளி வெப்பமானியின் பக்கத்தில் படுத்துத் தானே படித்தார். நாற்பத்துநான்கு.

அவர் கேட்டிருந்தால் மறுபடியும் பொய் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்காததுதான் என்னைக் கொன்றது. எட்டு மணி அளவுகளை மையில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பேனாவைக் கீழே வைத்தேன்.

"சார், அன்னைக்கு நான் தொடல்ல."

அவர் கிராம்பை மெல்வதை நிறுத்தினார்.

"சத்தியம்னியேலே."

"ஆமா சார்."

"அப்பம் சுட்டுதுன்னு சொன்னது?"

"நீங்க சொல்லித்தான் சார் தெரியும். அதையே திருப்பிச் சொன்னேன்."

சார் மேலே மாட்டியிருந்த படத்தை ஏறிட்டுப் பார்த்தார். பதவி போனதைச் சொல்வார், திட்டுவார், ஒரு அறை விழும் என்று காத்திருந்தேன்.

"ரெண்டு தப்பையும் சேத்து அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஒன்னைக் கடிச்சா தின்னிருப்பேன்?" என்றார். குரல் உயரவில்லை. "நாலு வருசமா நான் அதைத் தொட்டதுமாதிரியே இருந்தேன் மக்கா."

நான் அழுதேன். அவர் அழ விட்டார்.

பிறகு அலமாரியிலிருந்து பழைய புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, அளவுகோலையும் பேனாவையும் என்னிடம் தந்தார். கீழே இருப்பது தெரியும்படி ஒரே கோடு போட்டேன். பக்கத்தில் அவர் கையெழுத்திட்டார், நானும் இட்டேன்.

"இப்பம் சொல்லு. அன்னைக்கு நீ கண்டது பனியா, எட்டுக்காலி வலையா?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது. வலைதான்னு எழுதிராதே, அதுவும் பொய்யாயிரும். வெள்ளையாக் கண்டேன், தொடல்ல, என்னதுன்னு தெரியாது. அதை எழுது."

எழுதினேன். தலைநகருக்கும் அதே விவரத்தை வரைவு எழுதித் தந்தார், நானே நல்ல பிரதி எடுத்தேன். இரண்டு வாரத்தில் "பார்க்கப்பட்டது" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. நான்கு வருஷத்துக்கும் ஒரு பதவிக்கும் சேர்த்து அவ்வளவுதான்.

பங்குனியில் அவர் இறங்கினார். பெட்டி கட்டும்போது படத்தைக் கழற்றித் துணியில் சுற்றினார். எனக்குப் பொறுக்கவில்லை. "அது எதுக்கு சார், அதுவும் பொய்தானே?" என்றேன்.

"படம் என்ன வேணும்னாலும் சொல்லலாம்லே. புஸ்தகம்தான் சொல்லப்பிடாது" என்றார்.

அவருக்குப் பின் நிலையம் என் பொறுப்புக்கு வந்தது. ஒவ்வொரு முன்பனிக் காலத்திலும் அளவெடுத்து முடித்ததும் பள்ளத்துக்குப் போய்ப் புல்லில் கை வைப்பேன். வெள்ளையாகத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வைப்பேன். விதியில் இல்லாததை எழுதுவதற்கு மேலிடத்திலிருந்து இரண்டு தடவை கேள்வி வந்தது. நிறுத்தச் சொல்லி உத்தரவு வராததால் எழுதிக்கொண்டே இருந்தேன்.

முப்பதுகள் முடிவதற்குள் சார் காலமானார். செய்தி மலைக்கு வந்து சேர மூன்று நாளாயிற்று, அடக்கத்துக்குப் போக முடியவில்லை. ஒரு வாரம் கழித்து இரணியல் போனேன். முன்னறையில், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும்படி அந்தப் படம் மாட்டியிருந்தது. அவர் மகள் ரோஸ்லின் காப்பி கொண்டுவந்து தந்தாள்.

"அண்ணன்தான் சுயம்பா? அப்பா இந்தப் படத்தை வாறவங்களுக்கெல்லாம் காட்டுவாரு. எங்க சுயம்பு கண்டதாக்கும் இதுன்னு சொல்லுவாரு."

"கண்டதுன்னா சொல்லுவாரு?"

"ஆமா. கண்டதுன்னுதான். ஆரும் தொட்டா எப்பிடி இருக்கும்னு கேட்டா மட்டும், அது தெரியாதுன்னு சொல்லிருவாரு."

தீயைப் போலச் சுடும் என்று சின்ன வயதிலிருந்தே அவர் கேட்டு வைத்திருந்தார். அதைச் சொல்லியிருக்கலாம், யாரும் பொய் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். தெரியாது என்றே சொல்லியிருக்கிறார். அன்று இரணியலிலிருந்து திரும்பும் வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது.